கோவில்பட்டிக் கடலை மிட்டாய்

தூத்துக்குடி ஜில்லாவிலுள்ள கோவில்பட்டி, ஒரே வாயில் அடங்கும் சிறு தின்பண்டம் ஒன்றினால் பெரும் பிரசித்தி அடைந்துள்ளது. நிலக்கடலைப் பருப்பும் வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாயே அது. அதன் வரலாற்றைக் கடலை பயிரிடும் மிராசுதார்களும் குடியானவர்களும் அறிந்திருத்தல் நலம்.

நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் மார்க்கமாக நம் தேசத்துக்கு வந்த பயிர். மணிலாக்கொட்டை என்று அதற்கு வழங்கும் பெயர் அவ்வரவுக்குச் சான்றாகும். முன்னாளில் கிராமத்தார் திருவிழாக் காலங்களில் பனங்கருப்பட்டிப் பாகில் கடலையைச் சேர்த்து மிட்டாய் செய்து வந்தனர். 1940-களில் கோவில்பட்டியில் மளிகை வியாபாரம் செய்த பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்தைக் கொண்டு இதனைச் செய்து விற்கலானார் என்பர். பின்னர் இது ஊர்த்தொழிலாக வளர்ந்தது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்முறை எளிது. கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்துக்கொள்வர். வெல்லப் பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது இறுகி, ஒடிக்கும்போது முறிய வேண்டும். அப்பதத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பிச் சமன் செய்து, சூடு ஆறுமுன் சிறு துண்டுகளாக வெட்டுவர். பாலும் நெய்யும் வேண்டாமையால் விலை குறைவு, நெடுநாள் கெடாது, பருப்பில் ஏறக்குறைய கால் பங்கு புரதம் இருத்தலால் உடலுக்கும் உரமாகும். இது எங்கும் பரவியதற்கு இவையே காரணங்கள்.

ஆயினும் மிட்டாயின் தரம் அடுப்பில் அன்று, களத்திலேயே தொடங்குகிறது. ஈரக் கடலையில் பூசணம் பற்றினால் அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் இந்நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று சுமார் ஒரு லக்ஷம் வான்கோழிகள் மாண்டன. வறுப்பதனால் இது முற்றும் நீங்குவதில்லை. உண்பவர்களில் குழந்தைகளே அதிகம் என்பதை மறத்தலாகாது.

ஆகவே காய்களை முற்றியவுடன் பிடுங்கி, ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்துக. நன்கு உலர்ந்த காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும். எளிதில் உடைபடும் என்று கருதிக் காய்களுக்கு நீர் தெளித்தல் கூடாது. சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் பொறுக்கி நீக்குக. கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக. நற்பெயர் பெற்ற பண்டத்துக்கு நற்கடலை அளிப்பவருக்கே நல்ல விலையும் நிலைக்கும்.