எரிபந்தப் பங்கசின் குலவரலாறு

திருகோணமலை மாவட்டத்து நெல்வயல்களில் எரிபந்தம் கமக்காரர் அறிந்த நோயேயாகும். இலையில் சாம்பல்நிற நடுப்பகுதியும் கபிலநிற விளிம்புமுள்ள, இருமுனையும் கூரிய புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைத் தாக்கின் மணிகள் பதராகும்.

முற்காலத்தில் அறிஞர் பங்கசுகளின் உறவை வித்திகளின் உருவங்கொண்டே வகுத்தனர். உருவத்தில் ஒத்தவை யாவும் நெருங்கிய உறவினவல்ல. இன்று அவற்றின் பரம்பரையலகுத் தொகுதியை வாசித்து ஒப்பிடுகின்றனர். எரிபந்தப் பங்கசின் தொகுதி 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 11,000 பரம்பரையலகுகள் உள்ளன.

இதன் பயன் 2016ஆம் ஆண்டில் புலனாயிற்று. அவ்வாண்டு வங்காளதேசத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேயர் கோதுமையை இந்நோய் தாக்கிற்று. ஆசியாவில் கோதுமையில் இது தோன்றியது அதுவே முதன்முறை. அயலிலுள்ள நெல்வயல்களிலிருந்து பரவியதோ என்னும் ஐயம் எழுந்தது. பங்கசின் தொகுதியை ஒப்பிட்டபோது, அது நெல்லைத் தாக்கும் கிளையைச் சேர்ந்ததன்று என்றும், தென்னமெரிக்கக் கோதுமையில் வாழும் கிளைக்கே நெருங்கிய உறவினது என்றும் தெளிவாயிற்று. பிரேசிலில் 1985ஆம் ஆண்டிலேயே கோதுமையில் இந்நோய் காணப்பட்டிருந்தது. நெல்வயல் பழியினின்று நீங்கிற்று. கடல் கடந்துவரும் தானியத்தைச் சோதிப்பதன் அவசியமும் விளங்கிற்று.

எரிபந்தப் பங்கசு மாறுமியல்புடையது. இன்று நோயை எதிர்க்கும் நெல்லினம் நாளை அதற்கு இரையாகலாம். ஆதலால் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு வைத்தலாகாது.
2. ஒரே இனத்தைப் போகந்தோறும் விதைத்தல் நன்றன்று.
3. நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடாது, பகுதி பகுதியாக இடுக.
4. புள்ளிகளைக் கண்டவுடன் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்குக.