என்.எஃப்.டி. வாங்கினால் கைக்கு வருவது என்ன?



கடந்த ரமளானில் ஸகாத் கணக்குக் கேட்க நமது அலுவலகத்திற்கு ஒரு தந்தை வந்தார். நகை, கடைச் சரக்கு பற்றியெல்லாம் கேட்டு முடித்தபின் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன், தங்கையின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, செல்போனில் சில படங்களை 'வாங்கி' வைத்திருக்கிறானாம். "இது நம்ம சொத்துதானா? இதுக்கும் ஸகாத் உண்டா?" என்று கேட்டார். வேறு வீடுகளிலும் இந்தக் கேள்வி இருக்கலாம் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

வாங்குவது எதை?

பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் பேரேடு. அதன் நகல் ஒரே நேரத்தில் ஏராளமான கணினிகளில் இருப்பதால், எழுதியதை ஒருவர் மட்டும் திருத்திவிட முடியாது. 'இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த முகவரிக்கு உரியது' என்று அதில் இருக்கும் பதிவுதான் என்.எஃப்.டி. ஒரு 500 ரூபாய் நோட்டுக்குப் பதில் இன்னொரு 500 ரூபாய் நோட்டு சரியாகும். இதில் அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தனி.

பெரும்பாலும் படம் அந்தப் பேரேட்டில் இருப்பதில்லை. படம் இருக்கும் இடத்தின் இணைய முகவரி மட்டுமே இருக்கும். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். நிறுவனம் திவாலானது. பின்னர் அதன் சந்தையில் உருவாக்கப்பட்ட என்.எஃப்.டி.கள் பலவற்றில் டோக்கன் இருந்தது, படம் காணாமல் போயிருந்தது.

படத்தின் பதிப்புரிமையும் தானாகக் கைமாறுவதில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்து மூலமாகவே மாற்றித் தரவேண்டும். சில நிறுவனங்கள் தனியாக உரிமம் தருவதுண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவேண்டும். இல்லையென்றால், பத்திரம் நம் பெயரில் இருந்தும் நிலத்தில் கால் வைக்க உரிமை இல்லாதவர் நிலைதான்.

விலை எங்கிருந்து வருகிறது?

2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்கக் கலைஞரின் டிஜிட்டல் படைப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 6.93 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன். அதே மாதம், ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் பதிவின் என்.எஃப்.டி. சுமார் 29 லட்சம் டாலருக்குப் போனது. அதை வாங்கியவர் 2022 ஏப்ரலில் 4.8 கோடி டாலர் எதிர்பார்த்து ஏலம் விட்டார். ஏலம் முடிந்தபோது வந்திருந்த மிக உயர்ந்த கேட்பு 300 டாலரைக்கூடத் தொடவில்லை.

வயல் விளைச்சல் தரும், கடை வாடகை தரும், நகையை உருக்கினாலும் தங்கம் மிஞ்சும். இங்கே அடுத்து வாங்க ஒருவர் வந்தால்தான் விலை. ஒருவரே இரண்டு கணக்குகள் வைத்துக்கொண்டு, தன் பொருளைத் தானே கூடுதல் விலைக்கு வாங்கி விலையேற்றிக் காட்டுவதும் இந்தச் சந்தையில் நடக்கிறது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷ்' முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

மார்க்கமும் சட்டமும்

இது 'மால்' எனும் செல்வத்தில் சேருமா, இதில் 'கரர்' எனும் தெளிவின்மை எந்த அளவு என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் ஃபத்வா சொல்லவில்லை. விற்கப்படுவது என்னவென்று வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவேண்டும், வியாபாரம் சூதாட்டமாகிவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

2022 பட்ஜெட் முதல் இவற்றின் இலாபத்திற்கு 30 சதவீத வருமான வரி உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்க முடியாது.

இன்னொன்றும் முக்கியம். சொந்த வாலட்டில் வைத்திருப்பவர் அதைத் திறக்கும் இரகசியச் சொற்களை எவருக்கும் தெரிவிக்காமல் மவுத்தாகிவிட்டால், வாரிசுகளுக்கு எதுவும் கிடைக்காது. அதைத் திறந்து கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. எனவே குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்கு விவரம் தெரிந்திருக்கட்டும்.

அந்தத் தந்தைக்குச் சொன்னது

விற்று இலாபம் பார்க்க வாங்கியிருந்தால், இதைச் செல்வமாக ஏற்கும் உலமாக்களின் கருத்துப்படி இது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம் ஸகாத். கணக்கிட வேண்டியது வாங்கிய விலையை அல்ல, ஸகாத் கடமையாகும் நாளின் சந்தை விலையை. மகனை அழைத்து அன்றைய விலையைப் பார்க்கச் சொன்னோம். வாங்க ஆளே இல்லை. இப்படிப்பட்ட நிலையில் என்ன செய்வது என்று ஆலிமிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னோம்.

ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருந்தது. எடுத்தது தங்கையின் பணம், அது அமானத். படத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகை அவன் மீது கடன்தான். மகன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். இப்போது மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்து, மாதாமாதம் தங்கையின் பெயரில் பணம் கட்டி வருகிறான், அல்ஹம்து லில்லாஹ்.

பெற்றோர்களே, பிள்ளைகள் இவற்றைப் பற்றிப் பேசினால் அதட்டி வாயடைக்காதீர்கள். கையில் வருவது என்ன, நாளை வாங்குபவர் யார், போடும் பணம் யாருடையது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வராதவரை பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.