வலியும் மனமும்

தேர்வு நாளன்று, வயிற்று வலி என்று தோழி ஒருத்தி மேசைமேல் தலை சாய்த்துக்கொண்டாள். "பயந்து நடிக்கிறாள்" என்று நாங்கள் சிலர் சிரித்தோம். உண்மையில் அச்சத்தால் வலி கூடுமா? கூடினால் அது நடிப்பாகுமா?

1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் பணியாற்றினார். பலத்த காயமுற்ற வீரர்களில் பலர் வலிக்கு மருந்து வேண்டாம் என்றது அவருக்கு வியப்பளித்தது. உயிர் தப்பினோம், இனிப் போர்முனை இல்லை என்ற நிம்மதியே அவர்களுடைய வலியைக் குறைத்தது என்று அவர் கருதினார்.

மனநிம்மதி எவ்வாறு மருந்தாகும்? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர்கள், பன்றியின் மூளையிலிருந்து மார்ஃபினைப் போலவே வேலை செய்யும் இரசாயனப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு என்கெஃபலின் என்று பெயர். இத்தகைய பொருள்களை நம் மூளையும் தானே தயாரிக்கிறது!

காயத்தின் செய்தி நரம்புகள் வழியே முதுகுத்தண்டை அடைந்து, பின் மூளைக்கு ஏறுகிறது. அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குரிய அமிக்டலா போன்ற பகுதிகள் நடுமூளையோடு தொடர்புடையவை. மனத்தில் நம்பிக்கை பிறக்கும்போது இந்த இயற்கை மருந்து சுரக்கிறது. நடுமூளையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் கட்டளை, முதுகுத்தண்டிலேயே வலிச்செய்தியைத் தணிக்கிறது. 'இன்னும் வலிக்குமோ' என்று கலங்கும்போதோ, கோலிசிஸ்டோகைனின் என்ற வேறொரு பொருள் வேலை செய்து வலியை மிகுவிக்கிறது.

1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று தந்தது. பல் பிடுங்கப்பட்ட சிலருக்கு மருந்தில்லாத ஊசி போட்டபோதே வலி குறைந்தது. பிறகு மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நாலாக்ஸோனைச் செலுத்தியதும், குறைந்த வலி திரும்பிவிட்டது. ஆகவே அவர்கள் பெற்ற நிவாரணம் வெறும் கற்பனையன்று. மூளை சுரந்த மருந்தின் பயனே.

இதனால் மருத்துவரும் மருந்தும் வேண்டாம் என்பது பொருளன்று. அச்சத்தால் மிகும் வலியும் மெய்யான வலியே என்பதுதான் நாம் அறிய வேண்டியது. அன்று எங்கள் தோழிக்கு நாங்கள் தந்தது சிரிப்பு. அது அவளுடைய கலக்கத்தைத்தான் கூட்டியிருக்கும். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இனி வலியால் துன்புறுவோர் அருகே அமர்ந்து, கையைப் பற்றி, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்வோம். அதுவும் சிகிச்சையில் ஒரு பங்கே.