கிணற்றின் அடியிற் கடல்: கமக்காரர் அறிய வேண்டிய நீர்க் கணக்கு

விதைநெல்லை உப்புநீரில் இட்டுத் தெரிந்தெடுக்கும் முறையைக் கமக்காரர் பலரும் அறிவர். புதிய கோழிமுட்டையொன்று மிதக்கும்வரை நீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால், முற்றிய மணிகள் அடியிற் படியும். அரைகுறையாக முற்றியவை மேலே மிதக்கும். வெறும் நீரிலோ பதர் மட்டுமே மிதக்கும். அரைமணிகள் நல்ல மணிகளுடன் சேர்ந்து அடியிற் போய்விடும். காரணம் இதுவே. அமிழ்ந்த மணி தன் கனவளவுக்குச் சமமான நீரை விலக்குகின்றது. விலக்கப்பட்ட நீரின் நிறை எவ்வளவோ, அவ்வளவு மேலுதைப்பு அம்மணிக்குக் கிடைக்கின்றது. உப்புநீர் நிறை கூடியதாகையால் மேலுதைப்பும் கூடுகின்றது. (தெரிந்தெடுத்த விதையை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவிய பின்னரே ஊறவைத்தல் வேண்டும்.)

ஒரு வாளியில் நிகழும் இச்செயலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகளுக்கு அடியிலும் பெரிய அளவில் நிகழ்கின்றது. அங்கே மிதப்பது நெல் அன்று, நன்னீர்.

குடாநாட்டின் அடியிலுள்ளது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். கடல்நீர் அதனூடே உட்புகுந்து நிற்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு பங்கு கீழே ஊறி, அக்கடல்நீரின்மேல் வில்லை வடிவாக மிதக்கின்றது. நாம் இறைப்பது இந்த வில்லையையே. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் நீர் மேலே நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு லீற்றர் நன்னீரின் நிறை 1000 கிராம். ஒரு லீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிராம். நீரின் அமுக்கம் அதன் உயரத்தையும் அடர்த்தியையுமே பொறுத்தது, அகலத்தைப் பொறுத்ததன்று. அகன்ற கிணறு அடியிற் கூடுதலாக அமுக்கும் என்று எண்ணுதல் தவறு. ஆகவே, நன்னீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லையில், மேலுள்ள நன்னீர் கீழ்நோக்கி அமுக்கும் அளவும், பக்கத்துக் கடல்நீர் அதே மட்டத்தில் அமுக்கும் அளவும் சமமாதல் வேண்டும். 40 அடி கடல்நீருக்கு 40 x 1025 = 41,000. அதனை ஈடுசெய்ய எத்தனை அடி நன்னீர் வேண்டும்? 41 x 1000 = 41,000. அதாவது 41 அடி. எனவே கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழ் 40 அடிவரை நன்னீர் இருக்கும். ஜெர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பார் 1901 இல் எடுத்துக்காட்டிய விதி இதுவே.

இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். மேலே ஓரடி குறைந்தால், கீழே உவர்நீர் 40 அடி ஏறிவரும்!

ஒரு தோட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளம் கடல்மட்டத்திற்கு 15 அடி கீழே உள்ளது. மாசி மாதத்தில் நீர் கடல்மட்டத்திற்கு 2 அடி மேலே நின்றது. உவர் எல்லை 80 அடி ஆழத்தில், மிகத் தொலைவில். ஆடியில் நீர் ஓரடிக்குத் தாழ்ந்தது. எல்லை 40 அடிக்கு வந்தது. மேலும் அரையடி தாழ இறைத்தால் எல்லை 20 அடி. கிணற்றடிக்கும் உவருக்கும் இடைவெளி 5 அடியே. இரு நீரும் கலந்த படை இடையில் உள்ளதால், அந்த 5 அடியும் முழு நன்னீரன்று. இந்நிலையில் நீர் போதவில்லையென்று கிணற்றை மேலும் 5 அடி வெட்டுபவர், அல்லது அடியிற் குழாய் துளைப்பவர், தம் செலவில் கடலைத் தோட்டத்துக்கு அழைத்தவராவார்.

இவ்வேற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. எல்லை மெதுவாகவே நகரும். அதனாலேயே ஓய்வு பயன் தருகின்றது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்வு பெற்றது. இயந்திரம் களைப்பதில்லை. ஆகையால் ஓய்வை நாமே அளித்தல் வேண்டும். ஒரே மூச்சில் இறைப்பதிலும், காலையிற் சிறிது மாலையிற் சிறிது என இறைத்தல் நன்று. உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றடியில் வைக்காது, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பாத்திகளுக்கு வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு இட்டால் இறைப்பின் தடவைகள் குறையும். அயலிலுள்ள குளங்களையும் கேணிகளையும் மாரிக்குமுன் தூர்வாரி வைத்தால், மழைநீர் கடலுக்கு ஓடாமல் நிலத்துள் இறங்கும். இது தனியொருவரால் ஆகாது. ஒரு வில்லையிலிருந்தே அயலார் அனைவரும் இறைக்கின்றனர்.

உவர் ஏறினால் முதலில் வருந்துபவை போஞ்சியும் வெங்காயமும். மிளகாய் ஓரளவு தாங்கும்; பீற்றூட் இன்னும் கூடுதலாகத் தாங்கும். தாள் நுனி கருகும்வரை காத்திராது, கிணற்றின் நிலையை முன்னரே அறிந்துகொள்ளலாம். மாரி முடிந்ததும் நீர் நிற்கும் இடத்தைக் கிணற்றுச் சுவரில் வண்ணத்தால் குறியிட்டு, அதிலிருந்து கீழ்நோக்கி அங்குலக் கோடுகள் இடுங்கள். நீர் தாழும் ஒவ்வோர் அங்குலத்திற்கும் உவர் எல்லை 40 அங்குலம், அதாவது 3 அடி 4 அங்குலம், ஏற வழியுண்டு எனக் கணக்கிடலாம். காலையில் இறைக்குமுன் அளந்து குறித்துவைத்தல் வேண்டும். இறைத்தவுடன் அளப்பது பிழையான கணக்கைத் தரும். நீர் கரிக்கத் தொடங்கினால், இறைப்பின் முடிவில் ஒரு சுத்தமான போத்தலை அதே நீரால் மும்முறை அலசி நிரப்பி, உப்பின் அளவைச் சோதிப்பிக்கும் வழியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.