கட்டிக்குள் ஓர் ஊசி, கதிருக்குக் கூடுதல் வலு

முற்றிய வாய்ப்புற்றுநோயோடு எழுபது வயதைக் கடந்த ஒருவர் வரும்போது மருத்துவர்கள் தயங்குவது மருந்தை நினைத்துத்தான். கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், காதையும் மந்தமாக்கும். அதை விட்டுவிட்டுக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தாலோ பலன் குறைகிறது.

பாரிஸைச் சேர்ந்த நானோபயாட்டிக்ஸ் நிறுவனம் இதற்கு மாற்றாக ஹாஃப்னியம் ஆக்சைடை முன்வைத்தது. சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள இந்தத் துகள்களை ஊசி மூலம் கட்டிக்குள்ளேயே ஒருமுறை செலுத்துகிறார்கள். பிறகு வழக்கம்போல ஏழு வாரக் கதிர்வீச்சு.

ஹாஃப்னியத்தின் அணு எண் 72. கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களால் ஆன உடல் திசு கதிரில் ஒரு பகுதியைத்தான் உறிஞ்சும். ஹாஃப்னியம் பல மடங்கு உறிஞ்சி, எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிடுகிறது. அவை புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கின்றன. கதிர் படாத நேரத்தில் துகள்கள் வினை எதுவும் புரிவதில்லை.

மென்திசுப் புற்றுக்கட்டிகளுக்கு இதைப் பயன்படுத்த 2019இல் ஐரோப்பா அனுமதி தந்தது. வாய், தொண்டைப் புற்று கொண்ட 19 முதியவர்களிடம் நடந்த முதற்கட்ட ஆய்வு 2021இல் வெளியானது. போதிய அளவு துகள் செலுத்தி மதிப்பிடப்பட்ட 13 பேரில் 9 பேருக்கு, ஊசி போட்ட கட்டி முற்றிலும் மறைந்தது. சிஸ்பிளாட்டின் தாங்காத முதியவர்களுக்கான மூன்றாம் கட்ட ஆய்வு 2022இல் தொடங்கியது.

மற்ற ஆக்சைடுகள் வெவ்வேறு வழிகளில் வேலை செய்கின்றன. துத்தநாக ஆக்சைடு புற்றுச் செல்லின் அமிலச் சூழலில் கரைந்து, அந்தச் செல்லுக்கு நச்சாகும் அயனிகளை வெளியிடுகிறது. இது இன்னும் ஆய்வகத்தில்தான். மாறுகாந்தப் புலத்தில் சூடேறி செல்லைக் கொல்லும் இரும்பு ஆக்சைடு, மூளைக்கட்டிகளுக்கு ஐரோப்பாவில் 2010இல் அனுமதி பெற்றது.

நானோ சிகிச்சைகளின் பெரிய தடை பயண வழி. இரத்தத்தில் செலுத்தினால் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, ஊசிக்கும் எட்டுகிறது.

2022இல் உலகில் ஏறத்தாழ 3.9 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப்புற்று வந்தது. அவர்களில் சுமார் 1.4 லட்சம் பேர் இந்தியர்கள். புகையிலையும் பாக்கும் குதப்புவதால் இங்கே நோய் பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தொடங்குகிறது. ஐரோப்பாவிலோ எச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்று அதிகம். எனவே அங்கே கிடைத்த முடிவை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. நம் மருத்துவமனைகளிலும், நம் நோயாளிகளிடமும் இந்தச் சோதனைகள் நடந்தாக வேண்டும். விலையும் அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாக வேண்டும்.