பட்டம் விடுமுன் காற்றைப் படியுங்கள்



‘பாதுகாப்பு’ பற்றி விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், “கவனமாக இருக்க வேண்டும்” என்று எழுதிவிட்டுப் பலர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஏன் கவனம் வேண்டும்? அதைச் சொன்னால்தான் அது விளக்கம். மரினா அணைக்கட்டில் பட்டம் விடுவதை வைத்தே இதைப் பார்ப்போமா?

முதலில் இடம். தேக்கா புளோக்குகளுக்கு நடுவே பட்டம் விட்டால் இரண்டு குதி குதித்துத் தலைகீழாக விழுந்துவிடும். கட்டடத்தில் மோதும் காற்று அதன் பின்புறம் சுழல்வதே காரணம். 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரை அப்படியில்லை. பகலில் கடலைவிட நிலம் விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்திற்குக் கடற்காற்று வருகிறது. அது சீராக வீசுவதால் பட்டம் நிலையாக நிற்கிறது.

இத்தகைய காற்றை நம்பித்தான் வெளிநாடுகளில் கடலோரக் குன்றுகளிலிருந்து ஹேங் கிளைடரில் மனிதர்கள் பறக்கிறார்கள். அந்த இறக்கையும் பட்டத்தின் வாரிசுதான். பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948இல் செய்த துணிப்பட்டமே அதற்கு முன்னோடி. குன்றில் மோதி எழும் காற்று இறக்கையைத் தூக்கும். குன்றுக்குப் பின்னால் சுழலும் காற்று அதைக் கீழே தள்ளும். ஆகவே காற்றின் திசை சரியில்லை என்றால், அனுபவசாலிகள் இறக்கையை மடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள்.

பட்டத்துக்கும் இதே நிதானம் தேவை. மூன்று விதிகளைக் காரணத்தோடு பார்ப்போம்.

1. உயரம்: 60 மீட்டருக்கு மேலேயோ, விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளேயோ பட்டம் விட அனுமதி வேண்டும். ஏனெனில் அது தாழப் பறக்கும் விமானங்களின் பாதை.

2. மின்னல்: சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி இடிக்கிறது. “மழையே வரலையே சார்!” என்பீர்கள். மழை தொடங்குமுன்னும் மின்னல் தாக்கலாம். வெட்டவெளியில் நிற்பதே ஆபத்து. ஈர நூல் மின்சாரத்தையும் கடத்தும். எனவே இடி கேட்டதும் நூலைச் சுருட்டிவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி வேண்டாம்.

3. நூல்: கம்போங் காலத்தில் கண்ணாடித்தூள் பூசிய நூலால் பட்டச் சண்டை நடந்தது. சென்னையில் அத்தகைய மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து, மோட்டார் சைக்கிளில் போனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நைலான் மாஞ்சாவுக்குத் தடை விதித்தது. அறுந்த நூல் யார் கழுத்தில் விழும் என்பது விட்டவருக்கே தெரியாது. சாதாரண நூலே போதும்.

வகுப்பில் செய்ய: மாணவர்கள் ஆளுக்கொரு விதியை எழுதி, ‘ஏனெனில்’, ‘இல்லாவிட்டால்’ என்ற சொற்களால் அதை நீட்டட்டும்.

வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கு ஒரு கேள்வி: தூரத்தில் இடி கேட்கிறது. நண்பர்கள், “இன்னும் அஞ்சு நிமிஷம்டா!” என்கிறார்கள். நீங்கள் முதலில் நூலைச் சுருட்டுவீர்களா? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?