மேல்மாடிக்கு முதல் கீழ்வீடு: யாருக்கு எந்த அறை?

திருகோணமலை மாவட்டத்தில் மீள்குடியேற்றத்தோடு எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றுக்கு இப்போது ஏறத்தாழப் பத்து வயது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 ஒக்ரோபர் 2 ஆம் திகதி தொடங்கியபோது, புதிய வீடொன்றுக்குக் கொடுக்கப்பட்டது 550,000 ரூபா. வீட்டின் அளவு 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி, பின்வளவில் மலசலகூடம். அந்தக் காசோடு நகையை அடைவு வைத்தும் கடன்பட்டும் கட்டி முடித்தவர்களே அதிகம்.

சம்பூர்ச் சனம் 2006 ஏப்ரலில் எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் ஓடி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் தகரத்தின் கீழ் வருடக்கணக்காகக் கிடந்தது. 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியபோது பலருக்குப் பழைய வீட்டின் அத்திவாரம்கூடக் கிடைக்கவில்லை. கிணற்றை அடையாளம் வைத்துத்தான் எல்லை பார்த்தார்கள். அந்த நேரத்தில் 550 சதுர அடி மாளிகையாகத் தெரிந்தது. அன்று இடுப்பில் வந்த பிள்ளை இன்று சாதாரண தரம் எழுதுகிறது. அதற்கு மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். வீடு காணாது.

வீட்டுக்குப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, மேல எத்தினை அறை போடலாம்?" என்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ கைபேசியில் அனுப்பிய ஒரு வீட்டுப் படமும் கூடவே வரும். நான் திருப்பிக் கேட்பது, "கீழ ஆர் படுக்கப்போறீங்கள்?" என்று. பெரும்பாலும் அதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கீழ்வீடு ஏற்கெனவே இருக்கிறதுதானே என்ற எண்ணம். ஆனால் மேலே ஒரு மாடி வைத்தால் கீழே இருப்பது பழைய வீடாக இராது. படி ஓரிடத்தைப் பிடிக்கும், தூண்கள் வரும், யன்னல்கள் மறைபடும். எனவே கீழே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படியிலிருந்து தொடங்குவோம். நிலத்திலிருந்து மேல்தளத்துக்குப் பத்து அடி என்று வைத்தால், ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குல உயரத்தில் 18 படி வேண்டும். நடுவில் திரும்பி ஏறும் மூன்றடி அகலப் படியென்றால், அது கிட்டத்தட்ட ஆறரை அடி அகலத்தையும் பத்தடி நீளத்தையும் தின்னும். 63 சதுர அடிக்கு மேல். 550 சதுர அடி வீட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று மேசன்மார் படியைச் செங்குத்தாக்கி, ஒவ்வொரு படியையும் எட்டரை, ஒன்பது அங்குலமாக உயர்த்திவிடுவார்கள். முழங்கால் தேய்ந்த ஒரு அம்மாவுக்கு அந்தப் படி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

படி வீட்டுக்குள்ளேயா வெளியிலேயா என்பது, எங்கள் கிழக்கில், கட்டட விஷயம் மட்டுமல்ல. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் எங்களுக்கு. மகள் கலியாணம் முடித்து அதே வீட்டில் இருப்பாள், தாய்தகப்பன் பின்னுக்குள்ள பத்திக்கோ குசினிப் பக்க அறைக்கோ ஒதுங்குவார்கள். இரண்டு மகள் என்றால், கீழ் ஒருத்திக்கு, மேல் மற்றவளுக்கு என்று இப்போது பேச்சு வைக்கிறார்கள். அப்படி நினைப்பவர்கள் படியை ஹோலுக்குள் போடக்கூடாது. போட்டால் தங்கையின் புருஷன் ஒவ்வொரு இரவும் அக்காவின் ஹோலைக் கடந்துதான் மேலே போகவேண்டும். முதல் வருடம் அது சரிவரும். பிறகு நடுவில் பலகை அடித்து மறிப்பார்கள். அந்தப் பலகை ஹோலின் காற்றையும் வெளிச்சத்தையும் மறிக்கும். இப்படி மறித்த வீடுகளைப் பாலையூற்றிலும் உப்புவெளியிலும் பார்த்திருக்கிறேன்.

வெளிப்படி என்றால் மேல்வீட்டைப் பிரித்துக் கொடுக்கலாம். கலியாணம் தள்ளிப்போனால் துறைமுகத்துக்கோ கந்தோருக்கோ மாற்றலாகி வருகிறவர்களுக்கு வாடகைக்கும் விடலாம். மழை நனையாமல் மேலே ஒரு கூரையும், கீழே காலடியில் ஒரு வெளிச்சமும் வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஒரே குடும்பமாக இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் உள்படி நல்லது.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லவேண்டும். மேல்வீட்டை வாயால் கொடுக்கலாம், உறுதி எழுதிக் கொடுப்பது அவ்வளவு லேசல்ல. தளம் தளமாகத் தனி உரிமை எழுத 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியாகப் படம் பதிய வேண்டும். காணி அரச அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் அதுவும் இயலாது. அந்தப் பத்திரத்தில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக் கட்ட முதல் எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதாமல் பெற்றோர் இறந்தால், மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய விதி 2022 இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் தகப்பன் எப்போதோ ஒரு மகனின் பெயரை எழுதிவிட்டு, வீட்டை மகளுக்குச் சீதனமாகப் பேசிய குடும்பங்கள் உண்டு. கொங்கிறீற்றைக் கொட்டிய பிறகு அந்தச் சண்டை வருவதைவிட முதலே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கு ஒருமுறை போய்வருவது மலிவு.

இனி, கீழே யார் என்ற கேள்வி.

மூதூர் கிழக்கில் காலிழந்தவர்கள், முள்ளந்தண்டில் சன்னம் பட்டவர்கள், செல் துண்டை இன்னும் உடம்பில் வைத்திருப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நான் போகிறேன். முப்பது வயதில் பொய்க்காலோடு ஓடித் திரிந்தவருக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. நல்ல காலிலும் தேய்வு தொடங்கிவிட்டது. இன்னும் பத்து வருடத்தில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்று அவருக்கே தெரியும், சொல்லமாட்டார். ஆகவே கீழே ஒரு படுக்கையறையும் அதனோடு ஒட்டிய குளியலறை மலசலகூடமும் கட்டாயம் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். காசு காணாவிட்டால் மேலே ஒரு அறையைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

அளவுகள் பெரிய வித்தை அல்ல. கதவு மூன்றடி அகலம். வீட்டுத்திட்ட மலசலகூடக் கதவுகளின் அகலத்தில் சக்கர நாற்காலி முட்டி நிற்கும். நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வெறும் இடம். கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடிகம்பி. பொள்ளல் சீமெந்துக் கல்லில் அடித்த ஆணி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது, அந்த இடத்துக் கற்களின் பொள்ளலுக்குள் கட்டும்போதே கொங்கிறீற் நிரப்பிவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு சட்டிக் கலவைக்கு மேல் போகாது, பிறகு செய்ய நினைத்தால் சுவரை உடைக்க வேண்டும்.

சாய்வுப் பாதைதான் கடினம். ஓரங்குலம் ஏற ஒரு அடி நீளம் என்பது கணக்கு. வீட்டின் நிலமட்டம் ஒன்றரை அடி உயர்ந்திருந்தால் 18 அடி நீளப் பாதை வேண்டும். மகாவலி வெள்ளம் ஏறும் ஊர்களில் இரண்டடி உயர்த்தினால் 24 அடி. வாசலுக்கு நேரே அதற்கு இடமிராது. விறாந்தையின் பக்கவாட்டில் சுவரை ஒட்டி ஏற்றினால் இடமும் மிஞ்சும், மழையும் படாது. ஆனால் அதை விறாந்தை போடும்போதே நினைத்திருக்க வேண்டும்.

எந்த அறையை யாருக்கு என்பதில் அளவுகோலுக்குப் பிடிபடாத காரணங்களும் உண்டு. ஒரு வீட்டில் மகள், தாய்க்குப் பின்பக்கம் அமைதியான அறையொன்று கேட்டாள். தாய் மறுத்துவிட்டார். காரணத்தை அவர் எனக்குச் சொல்லவில்லை, மகள்தான் பிறகு சொன்னாள்: பிடித்துக்கொண்டு போன மகன் வந்தால் படலைச் சத்தம் கேட்கவேண்டும் என்று, அந்த அம்மா அத்தனை வருடமும் ஹோலில்தான் பாய் போடுகிறார். முன்னறையை அவருக்கு ஒதுக்கி, படுத்தபடி படலை தெரிகிற உயரத்தில் யன்னலை இறக்கி வைத்துப் படம் கீறினேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இருக்கும் முன்னறையைக் கிழவிக்குக் கொடுப்பதா என்று உறவினர் ஒருவர் முணுமுணுத்தார். அந்த வீட்டில் அதைவிடச் சரியான பிளான் இல்லை என்பது என் எண்ணம்.

அதேபோல, இரண்டு வாசல். முன்கதவு ஒன்று, பின்கதவு ஒன்று, இரண்டும் எங்கிருந்தும் பத்து எட்டில். ஓடிப் பழகிய எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. பயம் என்று தள்ளிவிடாதீர்கள். யன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்ட வீட்டில் குசினியில் தீப்பிடித்தாலும் அந்தப் பின்கதவுதான் வழி.

குசினி என்றதும் மூலை பார்ப்பார்கள். அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. இல்லையென்றால் வாயு மூலை, வடமேற்கு. வாஸ்துவில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் திருகோணமலையின் காற்று இந்த விஷயத்தில் அதோடு ஒத்துப்போகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அனலாய் அடிக்கும். ஒக்ரோபர் கடைசியிலிருந்து வடகிழக்கு வாடை மழையோடு வரும். குசினியைத் தென்மேற்கில் வைத்தால் கச்சான் புகையை வீடு முழுக்கத் தள்ளும். வடகிழக்கில் வைத்தால், யன்னலெல்லாம் சாத்தியிருக்கும் மாரியில் வாடை தள்ளும். தென்கிழக்கும் வடமேற்கும் இரண்டு காற்றுக்கும் ஓரம், புகை சுவரோரமாக வெளியே போய்விடும். எரிவாயு அடுப்பு இருக்கிறதே என்பார்கள். 2022 இல் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற பிறகு விறகடுப்பை இடித்தவர்கள் திரும்பக் கட்டியதை நாம் பார்த்தோம்.

மேற்குச் சுவருக்குப் பின்னேர வெயிலும் கச்சானும் சேர்ந்து அடிக்கும். அங்கே படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை வைத்தால் படுக்கையறை தப்பும்.

நான் அதிகம் காணும் குறை, நடு அறை இருட்டு. காணி பின்னால் இருக்கிறது என்று பழைய குசினிச் சுவரோடு ஒட்டி இன்னும் இரண்டு அறை இறக்குகிறார்கள். பழைய குசினியின் யன்னல் புது அறைக்குள் திறக்கும். பகலிலும் மின்குமிழ் எரியும், மாரியில் சுவர் பூஞ்சணம் பிடிக்கும். கூரையையும் அதே சாய்வில் இழுத்தால் பின்சுவரில் தலை முட்டும். ஆறு அடி இடைவெளி விட்டு நடுவில் ஒரு சின்ன முற்றம் வைத்துப் பின் அறைகளை ஒரு மூடிய நடையால் இணைப்பது, அல்லது ஒரு பக்கமாக மட்டும் நீட்டுவது, இரண்டில் ஒன்று நல்லது. முற்றத்தில் துணி காயும், கைகழுவலாம், கீழ்வீடு மூச்சு விடும். இடம் வீண் என்கிறவர்களுக்கு, எங்கள் பழைய நாற்சார் வீடுகள் நினைவிருக்க வேண்டும்.

பின்னால் நீட்டும்போது மலக்குழியைக் கவனியுங்கள். வீட்டுத்திட்டத்தில் அது பின்வளவில்தான் இருக்கிறது. அதன் மேல் அறை கட்டி மூடியவர்கள், குழி நிறைந்த அன்று தரையை உடைக்கவேண்டி வரும். குழியை இடம் மாற்றினால் கிணற்றுக்கு 50 அடி தள்ளி வையுங்கள், உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும்.

பழைய சுவரின் மேல் மாடி ஏற்றவே கூடாது. அந்த அத்திவாரம் ஒரு தளத்துக்கும் ஓட்டுக் கூரைக்கும் போட்டது. மேல்மாடிக்குத் தனி அத்திவாரத்தில் தூணும் பீமும் வேண்டும். புதுப் பகுதியைப் பழைய சுவரோடு பிணைக்காமல் சிறு இடைவெளி விட்டு எழுப்பினால், புதுப் பகுதி சற்று இறங்கும்போது பழைய சுவர் வெடிக்காது. தூண்கள் எங்கே விழும் என்பதைக் கீழறைகளின் கதவு, கட்டில், நாற்காலி வழி எல்லாம் முடிவான பிறகுதான் குறிக்க வேண்டும்.

காசு வரும் என்று சிலாப்புக்கு மேலே கம்பியை நீட்டிவிட்டு நிற்கும் வீடுகள் இந்தக் கரை முழுக்க உண்டு. உப்புக் காற்றில் கம்பி சில வருடத்திலேயே பொருக்கு வெடிக்கும். மேல்மாடி தள்ளிப்போகும் என்றால், நீட்டிய கம்பிகளை மெல்லிய கலவைக் கொங்கிறீற்றால் மூடிவிடுங்கள், தேவைப்படும்போது உடைத்து எடுக்கலாம். 2022 இல் சீமெந்து மூட்டை 3000 ரூபாயை எட்டியபோது பாதியில் நின்ற வேலைகள் பல. கீழ்வீட்டை முழுமையாக, குடியிருக்கக்கூடியதாக முடித்துவிட்டு மேலே போனவர்கள் அப்போது தப்பினார்கள். கீழும் மேலும் பாதி பாதியாக எழுப்பியவர்கள் தறப்பாளுக்குக் கீழே மாரி கழித்தார்கள். முகாமில் கழித்தது போதாதா?

அனுமதி விஷயம் சுருக்கம். உள்ளூராட்சி சபையில் பிளானுக்கு ஒப்புதல் எடுக்க வேண்டும், கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். திருக்கடலூர் போன்ற இடங்களில் இதை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள்.

பிளானைக் கையில் கொடுத்த பிறகு நான் சொல்லும் கடைசி வேலை ஒன்று உண்டு. வளவில் முளையடித்துக் கயிறு கட்டி, சாம்பலால் அறைகளை முழு அளவில் கீறுங்கள். கதவு வரும் இடத்தில் இடைவெளி விடுங்கள். கட்டிலை வெளியே தூக்கிவந்து அதற்குள் போடுங்கள். பக்கத்து வீட்டுச் சக்கர நாற்காலியை இரவல் வாங்கி உருட்டிப் பாருங்கள். அம்மாவைக் கதிரையில் இருத்தி, படலை தெரிகிறதா என்று கேளுங்கள். ஒரு பின்னேரம் போதும். பிடிக்காவிட்டால் சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டு வேறு மாதிரிக் கீறலாம்.